மோட்டாரை நிறுத்தினால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டுமா?

கேள்வி: கொளத்தூரில் 2021 முதல் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் 1,40,000. குடிவந்தபோது 11 மாதத்துக்கு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியதோடு சரி, பிறகு புதுப்பிக்கவில்லை. இப்போது வீட்டுக்காரர் 18,000 கேட்கிறார். இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார். இரண்டு வாரமாக மோட்டாரைக் காலையில் அரை மணி நேரம்தான் போடுகிறார். ஜிபேயில் அனுப்பிய வாடகையையும் திருப்பி அனுப்பிவிட்டார். காலி செய்யும்போது பெயின்டிங் செலவுக்கு 28,000 பிடித்துக்கொள்வாராம். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் தண்ணீர். வாடகைத் தகராறு எதுவாக இருந்தாலும், குடியிருப்பவருக்குத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் (2017) 20ஆம் பிரிவு இதைத் தெளிவாகத் தடுக்கிறது. துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தண்ணீர் விடும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். மோட்டார் ஓடும் நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். காலிக் குடங்களையும் வறண்ட குழாயையும் தேதியோடு படம் எடுங்கள்.

அடுத்து வாடகை. திருப்பி அனுப்பிவிட்டாரே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நல்ல வாடகைதாரர்கள் பலர் தோற்பது இந்த இடத்தில்தான். இரண்டு மாத வாடகை பாக்கி என்பதே காலி செய்ய வைக்க ஒரு காரணமாகிவிடும். மறுபடியும் வங்கி மூலம் அனுப்புங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் பணத்தைக் கட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது. பழைய 14,000 ரூபாயையே கட்டுங்கள்.

மாதக் கடைசிக் கெடுவுக்குப் பயப்பட வேண்டாம். வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை யாரும் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றினாலோ சாமான்களை வெளியே வைத்தாலோ உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

ஆனால் உங்கள் பக்கம் ஒரு பலவீனம் இருக்கிறது, அதை நான் மறைக்கக் கூடாது. 11 மாதம் என்று எழுதினால் பதிவு தேவையில்லை என்பது ஊரெல்லாம் ஊறிப்போன நம்பிக்கை. இந்தச் சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் போடவில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லியே வீட்டுக்காரர் வழக்குப் போட 21ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் இந்த வாரமே, ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய நாங்கள் தயார் என்று அவருக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். மறுப்பவர் அவர்தான் என்பதற்கு அதுவே சாட்சி. வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதையும் அதிலேயே பேசி முடிக்கப் பாருங்கள். நான்கு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் ஓரளவு உயர்வு கேட்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

பெயின்டிங் விஷயத்துக்கு வருவோம். சென்னையில் காலி செய்கிற பல குடும்பங்கள் ஒரு மாத, இரண்டு மாத வாடகையை இதற்காக இழக்கின்றன, கேள்வி கேட்காமலே. சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி, தாழ்ப்பாள் போன்றவைதான் உங்களுடையவை. உங்கள் பழைய ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துப் படியுங்கள். பெயின்டிங் செலவு வாடகைதாரருடையது என்று அதில் எழுதியிருந்தால் நிலைமை மாறும். இல்லையென்றால் அந்த 28,000 ரூபாய் உங்கள் பணம்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று இதே சட்டம் சொல்கிறது. கூடவே, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் பத்து மாதம் கேட்டாலும் ஒப்புக்கொள்ளத்தானே செய்வார்? மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தமிழ்நாடும் அந்த வாசலை அடைத்தாக வேண்டும். எப்படியிருந்தாலும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். நியாயமான பாக்கியை மட்டுமே கழிக்கலாம்.

பேசித் தீர்த்துக்கொண்டு நீங்களே காலி செய்ய முடிவெடுத்தால், சாவி கொடுக்கும் நாளில் எல்லா அறைகளையும் வீடியோ எடுங்கள், மின் மீட்டரின் ரீடிங்கையும் சேர்த்து. சாவி வாங்கிக்கொண்டதாக அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.