தண்ணீர் நெருப்பின் மேல் விழ வேண்டும்: ஜேம்ஸ் பிரெய்ட்வுட் பற்றிக் கேள்வி பதில்

எடின்பரோவிலும் பிறகு லண்டனிலும் தீயணைப்புப் படையை நடத்திய ஜேம்ஸ் பிரெய்ட்வுட் (1800–1861) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். அந்தக் கால பம்ப், ஹோஸ் பற்றிக் கேட்டவர்களும் உண்டு.

உலகின் முதல் தீயணைப்புப் படைத் தலைவர் இவர்தானா?

இல்லை. பண்டைய ரோமிலேயே இதற்கென ஆட்கள் இருந்தார்கள். பாரிஸில் நெப்போலியன் 1811இல் ராணுவத்திலிருந்தே ஒரு படையை அமைத்துவிட்டார். லண்டனில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தனித்தனியே ஆள் வைத்திருந்தன. பிரெய்ட்வுட்டின் சிறப்பு வேறு. 1824இல் எடின்பரோ நகரம் முழுவதற்கும் ஒரே படை, முறையான பயிற்சி, ஒரே தலைமை என்று தொடங்கியபோது அதற்குத் தலைவரானார். அப்போது வயது 24. சர்வேயர் வேலை பழகியவர் என்பதால் ஒரு கட்டடம் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

பதவிக்கு வந்த கையோடு எடின்பரோ பெரும் தீயில் கோட்டை விட்டாரே?

1824 நவம்பர் 15 இரவு தொடங்கிய தீ அது. படை உருவாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, ஆட்களுக்குப் பயிற்சி முடியவில்லை. பழைய நகரத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே உள்ள சந்துகளில் இன்ஜின், அதாவது வண்டியில் வைத்த பம்ப், நுழையவே நுழையாது. இதைவிடப் பெரிய கோளாறு, களத்தில் நின்ற அதிகாரிகள் ஆளுக்கொரு உத்தரவு போட்டது. ஒருவர் ஹோஸை இங்கே கொண்டுவா என்பார், இன்னொருவர் அங்கே என்பார். தீ அணைந்த பிறகு நடந்த விசாரணையில் பழி பிரெய்ட்வுட் மேல் விழவில்லை. தீ நடக்கும் இடத்தில் படைத்தலைவர் சொல்வதே முடிவு என்ற வழக்கம் அதன் பிறகுதான் ஊன்றியது. அவர் தோற்றார் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கொத்தனார், தச்சர்களைத் தேடிச் சேர்த்தாராமே, ஏன்?

ஓடு வேய்பவர் இருட்டிலும் கூரை மேல் நடப்பார். எந்த உத்தரத்தை எரிய விட்டால் தளம் இறங்கும் என்று தச்சருக்குத் தெரியும். சுவர் வயிறு தள்ளினால் கொத்தனார் கண்ணில் முதலில் படும். பிளம்பருக்குக் குழாய் அத்துப்படி. லண்டனுக்கு வந்த பிறகு மாலுமிகளைப் பெரிதும் விரும்பினார். ஏறி இறங்கவும், எந்த நேரமானாலும் கேள்வி கேட்காமல் உத்தரவுக்குப் படியவும் பழகியவர்கள் அவர்கள்.

கை பம்ப் எப்படி வேலை செய்தது? எவ்வளவு தண்ணீர் வரும்?

லண்டனில் வழக்கமாக இருந்த இன்ஜினில் இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 7 அங்குல விட்டம், பிஸ்டன் 8 அங்குலம் ஏறி இறங்கும். வண்டியின் இரு பக்கமும் நீளக் கைப்பிடி, அதைப் பிடித்து 26 பேர் ஏற்றி இறக்குவார்கள். ஒரு பக்கம் இறங்கும்போது மறுபக்கம் ஏறும். நிமிடத்துக்கு 40 முறை அடித்தால் சுமார் 88 காலன், அதாவது 400 லிட்டர். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: ஒரு முறை அடித்தால் ஒரு சிலிண்டரிலிருந்து ஏறக்குறைய 308 கன அங்குலம்.

இரண்டு பிஸ்டனும் திசை மாறும் கணத்தில் தண்ணீர் நின்றுவிட வேண்டும், ஆனால் நிற்காது. நடுவில் உள்ள செம்புக் கலத்தில் அடைபட்ட காற்று ஒவ்வோர் அடியிலும் அமுங்கி, அந்த இடைவெளியில் தண்ணீரைத் தள்ளும். கலத்தில் காற்று குறைந்தால் தண்ணீர் விக்கி விக்கி வரும், நாசில் பிடிப்பவர் கையில் ஹோஸ் துள்ளும். தெருவிலிருந்து உறிஞ்சும்போது சரளைக்கல் வால்வில் சிக்கினாலும் போச்சு.

26 பேர் அடிப்பது சில நிமிடம்தான், பிறகு ஆள் மாற்ற வேண்டும். படை ஆட்கள் அதற்குப் போதாது. கூடி நிற்கும் கூட்டத்தைத்தான் பிடித்துப் போடுவார்கள். முதல் மணிக்கு ஒரு ஷில்லிங், பிறகு மணிக்கு ஆறு பென்ஸ், கூடவே பீர். பீர் வரத் தாமதமானால் “பீர் ஓ!” என்று தாளம் போட்டுக் கத்துவார்கள்.

தோல் ஹோஸ் ஒழுகாதா?

தையல் போட்டது ஒழுகும், அழுத்தம் கூடினால் பிரிந்தே போகும். அதனால் விளிம்பை மடித்துச் செம்பு ரிவெட் அடித்தார்கள். 40 அடித் துண்டுகளாகச் செய்து, உலோக மறையால் இணைப்பார்கள். வேலை முடிந்ததும் கழுவி, தொங்கவிட்டு உலர்த்தி, கொழுப்பு தடவ வேண்டும். தடவாமல் விட்டால் மடிப்பில் வெடிக்கும், ஈரத்தோடு சுருட்டினால் மக்கும்.

தண்ணீர் எங்கிருந்து?

தெருக் குழாயில் துளையிட்டு மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். கட்டையைப் பிடுங்கினால் தண்ணீர் மேலே பீய்ச்சும். அதன் மேல், அடியில் ஓட்டை வைத்த கித்தான் தொட்டியை விரித்து, அதிலிருந்து இன்ஜின் உறிஞ்சும். தண்ணீர் எந்நேரமும் வராது. தண்ணீர் கம்பெனி ஆள் வந்து வால்வைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 1838 ஜனவரியில் லண்டனின் வணிக மாளிகையான ராயல் எக்ஸ்சேஞ்ச் எரிந்தபோது குளிரில் எல்லாம் உறைந்து கிடந்தது.

முகமூடி இல்லாமல் புகைக்குள் எப்படிப் போனார்கள்?

தவழ்ந்து. தரையை ஒட்டிக் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும், மூக்கை அங்கே வைக்க வேண்டும். தனியே யாரும் போகக்கூடாது. திரும்பும் வழி தெரியாவிட்டால் ஹோஸைத் தடவிக்கொண்டே வரலாம். கதவைத் தேவையில்லாமல் திறக்கக்கூடாது. பாரிஸில் பாலின் என்ற அதிகாரி செய்த தோல் சட்டையையும் பிரெய்ட்வுட் பயன்படுத்தினார். தலையையும் மூடும் அது. கண்ணுக்குக் கண்ணாடி, காற்று இன்ஜின் பம்பிலிருந்தே குழாய் வழியாக வரும்.

இன்ஷூரன்ஸ் தகடு இல்லாத வீட்டை எரியவிட்டு வேடிக்கை பார்த்தார்களாமே?

அது கதை. எந்தக் கம்பெனியில் காப்பீடு என்று காட்ட வீட்டுச் சுவரில் பதித்த அடையாளம்தான் அந்தத் தகடு. பக்கத்து வீடு தங்கள் கம்பெனியில் காப்பீடு செய்ததாக இருந்தால், தீ அங்கேயும் பரவுமே? 1833 ஜனவரி 1 முதல் பத்து கம்பெனிகள் சேர்ந்து 80 பேர் கொண்ட ஒரே படையாக்கி பிரெய்ட்வுட்டிடம் கொடுத்தன. அரசாங்கக் கட்டடங்களைக் காக்கும் கடமை அதற்குக் கிடையாது. ஆனாலும் 1834 அக்டோபர் 16 அன்று பாராளுமன்றம் எரிந்தபோது போய் நின்றது. அந்தக் காலத்தில் கணக்கைக் கீறிவைத்த பழைய மரக்குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்ததில் பிடித்த தீ. கட்டடம் போனது, வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் தப்பியது. அந்த மரக்கூரையைக் காக்க இன்ஜின்களை ஹாலுக்கு உள்ளேயே இழுத்துவந்தார்கள்.

நீராவி இன்ஜினை அவர் எதிர்த்தது பிடிவாதம்தானே?

பாதி நியாயம், பாதி பிடிவாதம். 1830இல் லண்டனில் ஆர்கைல் ரூம்ஸ் என்ற அரங்கில் பிடித்த தீயில், கை பம்புகள் உறைந்து நின்றபோது நீராவி இன்ஜின் மணிக்கணக்கில் ஓடிக் காட்டியது. ஆனால் பிரெய்ட்வுட்டின் அடிப்படை விதி ஒன்று: தண்ணீர் எரியும் பொருளின் மேல் விழ வேண்டும். புகையின் மேல் ஊற்றினால் வீண். அதற்கு ஆள் உள்ளே போக வேண்டும். தெருவில் நின்றே பீய்ச்சலாம் என்றால் யாரும் உள்ளே போகமாட்டார்கள் என்று அஞ்சினார். தெருக் குழாய் அவ்வளவு தண்ணீர் தராது என்பதும் உண்மை. 1860இல்தான் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பெரிய கிடங்குத் தீக்கு அந்த விதி போதாது என்பதை இன்னும் முன்பே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

எப்படி இறந்தார்?

1861 ஜூன் 22, டூலி தெரு. தேம்ஸ் கரையில் காட்டன்ஸ் வார்ஃப் கிடங்கில் பஞ்சு, சணல், சர்க்கரை, கொழுப்பு, வெடியுப்பு எல்லாம் அடுக்கியிருந்தது. தடுப்புக்கான இரும்புக் கதவுகளைச் சாத்தாமல் விட்டிருந்தார்கள். அதனால் தீ அறைக்கு அறை தாவியது. உருகிய கொழுப்பு எரிந்துகொண்டே ஆற்றில் ஓடியது, மிதவை இன்ஜின்கள் நெருங்க முடியவில்லை. களைத்த ஆட்களுக்கு பிராந்தி கொடுத்துக்கொண்டிருந்தபோது சுவர் அவர் மேல் சரிந்தது. உடலை எடுக்க இரண்டு நாள் ஆனது. தீ முழுதாக அணைய இரண்டு வாரம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு நஷ்டம் சுமார் 20 லட்சம் பவுண்டு. இனி எங்களால் ஆகாது என்று அரசிடம் கைவிரித்தன. 1865இல் சட்டம் வந்து, 1866 ஜனவரி 1 முதல் பொதுப்பணத்தில் நடக்கும் படை உருவானது. தலைவர் மேஸி ஷா.

படங்களில் பளபளக்கும் பித்தளை ஹெல்மெட் இருக்கிறதே, அது இவர் காலத்ததா?

இல்லை, அது ஷா கொண்டுவந்தது. பிரெய்ட்வுட்டின் ஆட்கள் போட்டது கெட்டித் தோல் தொப்பி. ஓட்டுத்துண்டு விழுந்தால் தாங்கும், பின்னால் தொங்கும் தோல் மடல் தணலும் வெந்நீரும் கழுத்துக்குள் இறங்காமல் தடுக்கும்.