சோல் பாடகர்களும் ரெக்கார்ட் கம்பெனிகளும்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசை நெஞ்சிலிருந்து வருவது என்கிறார்கள். அதற்கும் மார்க்கெட்டிங்குக்கும் என்ன சம்பந்தம் அண்ணா?

ஆரம்பம் முதலே இருக்கிறது. 1959-ல் பெரி கோர்டி குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி டெட்ராய்டில் தொடங்கிய ரெக்கார்ட் கம்பெனிதான் மோட்டவுன். அதற்கு முன் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட்டு பதிவு செய்வதோடு நிற்காமல், பாடகர்களைத் தயார் செய்ய ஒரு தனிப் பிரிவே வைத்தார். மாக்சின் பவல் என்ற அம்மையார் எப்படி நடப்பது, எப்படி உட்காருவது, பேட்டியில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார். நீங்கள் அரசர்கள் முன்னாலும் வெள்ளை மாளிகையிலும் பாடப்போகிறவர்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வாராம். மேடை அசைவுகளுக்கு சோலி அட்கின்ஸ்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய வாராந்தரக் கூட்டம். வரப்போகும் பாட்டுகளைப் போட்டுக் கேட்டு, எதை வெளியிடலாம் என்று ஓட்டெடுப்பார்கள். கையில் இருப்பது கடைசி ஒரு டாலர், வயிறும் பசிக்கிறது, இந்த இசைத்தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? கோர்டி கேட்கிற கேள்வி இதுதான்.

இவ்வளவு இருந்தும் சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழுவினர் 1961-ல் ஒப்பந்தமாகி 1964 வரை பெரிய ஹிட் இல்லாமல் காத்துக் கிடந்தார்கள். அந்த நிறுவனத்துக்குள்ளேயே கேலிப்பெயர் வைத்தார்கள். பிறகு தொடர்ந்து ஐந்து பாட்டு அமெரிக்காவில் முதலிடம். அந்த மூன்று வருஷமும் விடாமல் வைத்திருந்ததும் மார்க்கெட்டிங்தான் என்பேன்.

கேள்வி: அப்படியென்றால் குரல் இரண்டாம்பட்சமா?

பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினைப் பாருங்கள். 1960-ல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஜாஸ், நாடக மேடைப் பாட்டுகள், வயலின் கூட்டம் என்று ஆறு வருஷம் ஓடியது, பெரிதாக எடுபடவில்லை. அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் 1967 ஜனவரியில் அவரை அலபாமாவின் மசில் ஷோல்ஸுக்கு அழைத்துப்போய் பியானோ முன் உட்காரவைத்துப் பாடச் சொன்னார். அதே வருஷம் ஜூனில் அமெரிக்காவில் முதலிடம். தேவாலயத்தில் வளர்ந்த அதே குரல்தான். இந்தக் குரலை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கணக்குதான் மாறியது.

கேள்வி: பிரிட்டிஷ் பாடகிகள் ஏமி வைன்ஹவுஸ், அடெல், டஃபி எல்லாரும் ஒரே காலத்தில் வந்தது தற்செயலா சார்?

முழுக்கத் தற்செயல் இல்லை. வைன்ஹவுஸின் இரண்டாவது ஆல்பம் 2006 அக்டோபரில் வந்து சக்கைப்போடு போட்டது, 2008-ல் ஐந்து கிராமி. ஒன்று ஓடினால் அதே ரகத்தில் இன்னொன்றை எல்லா நிறுவனமும் தேடும்.

அடெல் விஷயத்தில் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2006-ல் லண்டனின் பிரிட் ஸ்கூல் என்ற கலைப் பள்ளியில் படிப்பை முடித்தார். மைஸ்பேஸ் இணையதளத்தில் கிடந்த டெமோ (மாதிரிப் பதிவு) பாட்டுகளைக் கேட்டு எக்ஸ்எல் என்ற ரெக்கார்ட் கம்பெனி கூப்பிட்டது. 2007 ஜூனில், ஒரு ஆல்பம்கூட இல்லாத நிலையில், ஜூல்ஸ் ஹாலண்டின் பிபிசி இசை நிகழ்ச்சியில் பாடினார். அக்டோபரில் வினைல் இசைத்தட்டில் ஒரு சிங்கிள் (தனிப்பாட்டு), மொத்தமே 500 பிரதி. டிசம்பரில் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதுக்காரர்களின் 'விமர்சகர் தேர்வு'. அந்த விருதே அப்போதுதான் புதிதாகத் தொடங்கியது. 2008 ஜனவரியில் பிபிசியின் 'இந்த வருஷத்தின் குரல்' பட்டியலில் முதலிடம், இரண்டாமிடம் டஃபி. அந்த மாதக் கடைசியில்தான் முதல் ஆல்பம்.

அதாவது பொதுஜனம் காசு கொடுத்து வாங்கும் முன்பே விமர்சகர்கள், நிகழ்ச்சி நடத்துபவர்கள் எல்லாரும் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை, குரல் நிஜம். ஆனால் அந்த நூறு இருநூறு பேர் காதுக்குப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தனி ஆள் உண்டு, பிரிட்டனில் 'பிளக்கர்' என்பார்கள். அவர் பேர் போஸ்டரில் இருக்காது.

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. 2008 அக்டோபர் 18 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் அடெல் பாடினார். அன்றைக்கே துணை ஜனாதிபதி வேட்பாளர் சாரா பேலின் வந்தார், தேர்தல் சூடு, 14 வருஷத்தில் அந்த நிகழ்ச்சிக்கு இல்லாத கூட்டம் பார்த்தது. ஆல்பம் இணையத்தில் பாட்டு விற்கும் ஐடியூன்ஸ் பட்டியலில் மேலே ஏறியது. எந்த மார்க்கெட்டிங் மேலாளரும் இப்படி ஒரு நாளைத் திட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது.

கேள்வி: கறுப்பர்களின் இசையில் வெள்ளைக்காரப் பெண்களே ஏன் நட்சத்திரம் ஆகிறார்கள்?

அந்த நேரத்திலேயே பலர் கோபமாகக் கேட்ட கேள்வி, நியாயமானதும்கூட. வைன்ஹவுஸ் ஆல்பத்தின் பல பாட்டுகளில் வாசித்தவர்கள் புரூக்ளினின் டாப்-கிங்ஸ் குழு. அவர்களுடைய சொந்தப் பாடகி ஷாரன் ஜோன்ஸ், ஒரு காலத்தில் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை செய்தவர். முதல் ஆல்பம் வரும்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நிறம், உடம்பு, உயரம், வயது எதுவும் சரியில்லை என்று ஒரு கம்பெனி ஆள் தன்னிடம் முன்பு சொன்னதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரே குழு, ஒரே சத்தம். ஒருவருக்குக் கிடைத்த விளம்பர ஆதரவு இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

கறுப்பினப் பாடகர்களின் பழைய ஆல்பம் அட்டைகளையும் பாருங்கள். ஓட்டிஸ் ரெடிங்கின் 1965 ஆல்பம் ஒன்றின் அட்டையில் பொன்னிற முடிக்காரப் பெண். ஐஸ்லி பிரதர்ஸின் 1966 மோட்டவுன் ஆல்பத்தில் கடற்கரையில் ஒரு வெள்ளை ஜோடி. பாடியவர்கள் அட்டையிலேயே இல்லை!

கேள்வி: காசு கொடுத்து ரேடியோவில் போடவைப்பார்களாமே?

'பயோலா' என்பார்கள். வாங்கிய காசை நேயர்களுக்கு அறிவிக்காமல் பாட்டைப் போடுவது 1960-லிருந்தே அமெரிக்காவில் குற்றம். இருந்தும் 2005-ல் நியூயார்க் அரசு வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் விசாரித்தபோது சோனி பிஎம்ஜி ரெக்கார்ட் கம்பெனி 1 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

கேள்வி: என் தங்கை ஆர் அண்ட் பி (சோலுக்கு நெருங்கிய இசை) பாடுகிறாள், ஒரு நிறுவனம் ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முன்பணம் பரிசு இல்லை, அவளுடைய ராயல்டியிலிருந்து (வரவில் அவளுக்குச் சேரும் பங்கிலிருந்து) கழிக்கும் பணம். பதிவுச் செலவும், பெரும்பாலும் வீடியோ செலவில் ஒரு பங்கும் அவள் கணக்கில்தான் ஏறும். ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். செலவு 1 லட்சம், அவள் பங்கு 15 சதவீதம் என்றால், 1 லட்சம் வரவு வந்தவுடன் கம்பெனிக்குப் போட்ட காசு திரும்பிவிடும். ஆனால் அவள் கணக்கில் ஏறியிருப்பது 15 ஆயிரம்தான், இன்னும் 85 ஆயிரம் பாக்கி. கச்சேரி, டி-ஷர்ட் வருமானத்திலும் பங்கு கேட்கிறார்களா என்று பாருங்கள். எத்தனை ஆல்பத்துக்குக் கட்டுப்படுத்துகிறார்கள், பதிவு செய்துவிட்டு வெளியிடாமலே வைத்திருந்தால் என்ன வழி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துக்கு முன் இசை ஒப்பந்தம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள், கம்பெனி அறிமுகப்படுத்தும் வக்கீலிடம் வேண்டாம்.