பல்வலியும் பெருங்குடல் பாதையும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலி. அக்குபங்சர் பார்க்கும் தெரிந்தவர் ஒருவர், என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் வலி பாதியாகிவிட்டது. “இது பெருங்குடல் மெரிடியன். 5000 வருஷத்துக்கு முன்னாடியே சீன ஞானிகள் தியானத்தில் கண்டது, ஸ்கேனில் எல்லாம் தெரியாது” என்றார். வீட்டில் சொன்னால் மகன் சிரிக்கிறான். இந்தச் சக்திப் பாதைகள் நிஜமாகவே உடம்பில் இருக்கின்றனவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வலி குறைந்தது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். தியானக் கதையைத்தான் நம்ப முடியவில்லை.

இந்தப் பாதைகளைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் சில பட்டுத்துணியில் இருக்கின்றன. ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்ற இடத்தில் 1973இல் தோண்டிய ஒரு கல்லறையில் கிடைத்தவை. அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். அதில் உள்ள பாதைகள் பதினொன்றுதான், இன்று சொல்லும் பன்னிரண்டு இல்லை. ஊசி குத்தும் புள்ளிகளும் கிடையாது. மூலிகைப் பஞ்சைக் கொளுத்திச் சூடு வைப்பதுதான் வைத்தியம். பாதைகள் பெரும்பாலும் கை, கால் நுனியில் தொடங்கி உடம்பை நோக்கிப் போகின்றன, அவ்வளவுதான். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கி வட்டமாகச் சுற்றி வரும் ஏற்பாடு அதில் இல்லை.

உங்கள் பாதையும் அங்கே இருக்கிறது. ஆனால் அதன் பெயர் பல் நாளம்! ஆள்காட்டி விரல், கட்டைவிரல் பக்கம் கிளம்பி, கையில் ஏறி, முழங்கை வழியே கன்னத்தைத் துளைத்துப் பல்லுக்குள் நுழைகிறது. பெருங்குடல் பேச்சே இல்லை. பல் வலித்தால் கையில் இந்த இடத்தைப் பார் என்கிற அனுபவ அறிவு முதலில் வந்திருக்கிறது. குடலோடு முடிச்சுப் போட்டது அப்புறம்.

முடிச்சுப் போட்டது ‘மஞ்சள் பேரரசரின் உள் நூல்’ என்று சொல்லப்படும் தொகுப்பு. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி உருவானது என்பார்கள். அதில்தான் பன்னிரண்டு பாதைகள் ஒரு சுற்றாக அமைகின்றன. சீனாவின் பன்னிரண்டு ஆறுகளுக்கு இவை இணை என்று அதிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பாதைக்கு ஓர் உறுப்பு என்று கணக்குச் சரியாக வர வேண்டுமே, அதற்கு உறுப்புகள் போதவில்லை. இதய உறையைத் தனி உறுப்பாகச் சேர்த்தார்கள். மூவெப்ப மண்டலம் என்று இன்னோர் உறுப்பும் கணக்கில் உண்டு, உங்கள் வைத்தியரும் சொல்லியிருப்பார். அதற்குப் பெயர் உண்டு, உருவம் இல்லை என்று இன்னொரு பழைய சீன நூலே ஒப்புக்கொள்கிறது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

கண்ணால் பார்க்க முடியாதது என்ற வாதமும் அந்தப் பழைய ஆட்களுடையது அல்ல. கி.பி. 16இல், வாங் மாங் என்ற பேரரசர் தன்னை எதிர்த்த ஒருவரைக் கொன்று, அரண்மனை வைத்தியரையும் தேர்ந்த கசாப்புக்காரரையும் வைத்து உடலை அறுக்கச் சொன்னார். உள்ளுறுப்புகளை அளந்தார்கள். மெல்லிய மூங்கில் குச்சிகளை நாளங்களுக்குள் விட்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தேடினார்கள். சீனாவின் ஹான் அரச வம்சத்தைப் பற்றிய வரலாற்று நூலில் இது பதிவாகியிருக்கிறது. கொடூரம்தான். ஆனால் அவர்கள் தேடியது ரத்தமும் உயிராற்றலும் ஓடும் நிஜமான குழாய்களை. 1960களில் வட கொரியாவின் கிம் போங்-ஹான் என்ற ஆய்வாளர் அப்படிப்பட்ட குழாய்களைக் கண்டுவிட்டதாகவே அறிவித்தார். சில ஆண்டுகளில் அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

என் கணிப்பு இது. கண்ணில் பட்ட ரத்தக் குழாய்கள், வலி பரவும் தடங்கள், பன்னிரண்டு என்ற கணக்கு, மூன்றும் கலந்து உருவான படம்தான் மெரிடியன். தனியாக ஒரு பாதை உடம்பில் இல்லை.

அப்படியானால் வலி எப்படிக் குறைந்தது? ஓரிடத்தில் பலமாக அழுத்தினால் வேறோர் இடத்து வலி மட்டுப்படுவது நரம்பு மண்டலத்தின் வழக்கம்தான். ஒருவர் கையைப் பிடித்து அக்கறையாகப் பார்ப்பதும் சேர்ந்துகொள்ளும். 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றை உங்கள் மகனுக்கும் காட்டலாம். நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1162 பேர். ஒரு பிரிவுக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளிகளைத் தவிர்த்து, வேறு இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள் முதல் பிரிவில் 47.6 சதவீதம், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4. ஊசியால் பயன் இருந்திருக்கிறது, எங்கே குத்தினார்கள் என்பதுதான் பெரிய விஷயமாக இல்லை. மகன் முழுதாகச் சிரிக்கவும் வழியில்லை, உங்கள் வைத்தியர் வரைபடத்தைக் காட்டிப் பெருமைப்படவும் வழியில்லை.

சரி, பல் டாக்டரைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதை எழுதவே இல்லையே. சொத்தையோ சீழோ இருந்தால் வலி அடங்கிய பிறகும் அது உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இந்த வாரமே போய்விடுங்கள். உங்கள் முறை வரும்வரை கையை அழுத்திக்கொண்டிருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.