மார்பகக் கட்டிக்குள் லிம்போசைட்டுகள்: கதிர்வீச்சு குறித்த கேள்வி பதில்

கேள்வி: பயாப்ஸி அறிக்கையில் "லிம்போசைட் 40 சதவீதம்" என்று இருக்கிறது. நோய் அவ்வளவு பரவிவிட்டதா?

பதில்: இல்லை அம்மா. புற்றுச் செல் கூட்டங்களுக்கு இடையே இணைப்புத் திசு இருக்கும். அந்தப் பரப்பில் லிம்போசைட்டுகள் எனப்படும் நோய் எதிர்ப்பு செல்கள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்பதே அந்த எண். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் அவை அடர்நீல மைப்புள்ளிகளாக மொய்த்துக் கிடக்கும். மும்மை எதிர்மறை வகையில் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளும் HER2 புரதமிகுதியும் இல்லாத வகை) அவை அதிகமாக இருந்தால் பெரும்பாலும் நல்ல அறிகுறி.

கேள்வி: அப்படியானால் கதிர்வீச்சு வேண்டாமே?

பதில்: இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சுவீடனில் 1991 முதல் 1997 வரை, கட்டியை மட்டும் அகற்றிய பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பின்னர் அந்தத் திசுக்களில் லிம்போசைட்டுகளைக் கணக்கிட்டபோது, 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு அதே மார்பில் நோய் திரும்புவது குறைவாக இருந்தது. லிம்போசைட் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கதிர்வீச்சின் பயன் தெளிவாகத் தெரிந்தது, மற்றவர்களிடம் உறுதிப்படவில்லை. ஆனால் லிம்போசைட் கூடியவர்கள், குறைந்தவர்கள் என்ற இரு தரப்புக்கும் பயன் வேறுபடுகிறது என்பதும் புள்ளியியல்படி நிறுவப்படவில்லை. உறுதிப்படாததைப் பயனற்றது என்று படிக்காதீர்கள்.

கேள்வி: எதிர்ப்பு சக்திப் பொடி சாப்பிட்டால் அந்த எண் கூடுமா?

பதில்: அப்படி நிரூபித்த பொடி எதுவும் இல்லை.

கேள்வி: நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. கதிர்வீச்சே லிம்போசைட்டுகளைக் கொன்றுவிடுகிறதே!

பதில்: கொல்கிறது, மறுக்கவில்லை. மிகக் குறைந்த கதிர் அளவுக்கே செத்துவிடும் செல் அது. ஆனால் கதிர் பட்ட புற்றுச் செல்லுக்குள் உடைந்த டிஎன்ஏ, உட்கருவை விட்டு வெளியே கசிகிறது. செல் அதை அபாயமாக உணர்ந்து எதிர்ப்பு செல்களை உஷார்ப்படுத்தும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கிறது. நிணநீர் முடிச்சுகளில் பயிற்சி பெற்ற புதிய டி செல்கள் (லிம்போசைட்டுகளில் ஒரு வகை) வந்து சேர்கின்றன. கூடவே எதிர்ப்பை அடக்கும் செல்களும் வரக்கூடும். எந்தப் பக்கம் ஓங்கும் என்பது கட்டிக்குக் கட்டி மாறும்.

கேள்வி: எனக்கு 60 சதவீதம். கதிர்வீச்சைத் தவிர்க்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன், கூடாது. 17 ஆய்வுகளில், கட்டியை மட்டும் அகற்றிய 10,801 பெண்களின் தரவை 2011-இல் தொகுத்தபோது, பத்தாண்டுகளில் நோய் திரும்பியது கதிர்வீச்சு இல்லாதவர்களிடம் 35 சதவீதம், பெற்றவர்களிடம் 19.3 சதவீதம்.

கேள்வி: 70 சதவீதம் என்றால்?

பதில்: அதே பதில். அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் கதிர்வீச்சு மருத்துவரிடம் போங்கள். அவரைக் கேட்காமல் ஒரு நாள் சிகிச்சையைக்கூட விடாதீர்கள்.