மாடு வெட்டுக்குப் போகாது என்கிறார் பால்காரர், நம்பலாமா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: தம்பலகாமத்துப் பண்ணைக்காரர் ஒருவர், "எங்கட மாடு ஒன்றும் வெட்டுக்குப் போகாது" என்று சொல்லி லீற்றருக்குக் கூடுதல் காசு எடுக்கிறார். கன்றும் தாயோடுதான் நிற்கிறது. நம்பி வாங்கலாமா?

பாலைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள் அம்மா. போன வருடம் பிறந்த நாம்பன் கன்றுகள், அதுதான் ஆண் கன்றுகள், எங்கே என்று கேளுங்கள். பசு ஒன்பதரை மாதம் சுமந்து கன்று போட்டால்தான் பால். போடுகிறதில் பாதிக்குப் பாதி நாம்பன். முன்பு உழவுக்கும் வண்டிக்கும் அது தேவைப்பட்டது. இப்போது உழவுக்கு ட்ரக்டர், சினைப்படுத்த ஊசி. பத்துப் பசு நிற்கிற பட்டியில் வளர்ந்த நாம்பன் ஒன்றுகூட இல்லையென்றால் அவை எங்கோ போயிருக்கின்றன. வற்றின கிழட்டுப் பசுவுக்கும் இதே கேள்விதான்.

கன்று தாயோடு நிற்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நாட்டு மாடும் எருமையும் கன்று முட்டாமல் லேசில் பால் இறக்காது. கன்றை வைத்திருப்பது பாலுக்காகவும் இருக்கலாம். ஜேர்சி, பிறீசியன் கலப்பு மாடுகள் பல கன்றில்லாமலே கறக்கும். அங்கே கன்றை வேறாகக் கட்டிப் போத்தலில் பால் கொடுத்தால் அது கொடுமை இல்லை. பிறந்து சில மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால், அதாவது தாயின் முதல் பால், குடித்திருக்க வேண்டும், பிறகும் வயிறு நிறையக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கன்றின் விலாவைப் பாருங்கள். முட்டவிட்டு உடனே இழுத்துக் கட்டுகிற பட்டியில் விலா எண்ணலாம், மயிர் சிலிர்த்து நிற்கும்.

"வளர்ப்புக்குத்தானே கொடுத்தேன்" என்பார் பண்ணைக்காரர். பொய் என்று சொல்ல மாட்டேன். தரகர் அப்படிச் சொல்லித்தான் வாங்குவார். ஆனால் வளர்க்க வாங்குகிறவர் மடியைத் தடவிப் பார்ப்பார், எத்தனையாம் ஈற்று என்று கேட்பார். தரகரோ தொடையைத் தட்டி எடையை மனதில் போட்டுவிட்டு, "துண்டெல்லாம் (அனுமதித் தாள்கள்) நான் எடுக்கிறன், ஒப்பம் மட்டும் வையுங்கோ" என்கிறார். வெட்டுக்குத்தான் வாங்குகிறார் என்ற சங்கதி இதற்குப் பிறகும் விளங்க வேண்டாமா? மாட்டை லொறியில் கொண்டுபோகக் கால்நடை வைத்தியரின் சான்றும் பிரதேச செயலக அனுமதிப்பத்திரமும் வேண்டும். பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் ஒப்பம் வைத்தவரிடம் எந்தப் பிரதி இருக்கும்?

லொறி புறப்பட்ட பிறகு யார் பார்க்கிறார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். விலங்கு வதைக்கு இந்த நாடு நூறு வருடத்துக்கு மேலாக நம்பிக் கிடந்தது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை. அதில் தண்டம் நூறு ரூபா! புதிய சட்டத்துக்குச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைவு கொடுத்தது. அது மேசை மேசையாக அலைந்தது தனிக்கதை. 2020இல் மாடறுப்பையே தடை செய்யப்போவதாக அமைச்சரவை வரை போனார்கள் ஆட்சியாளர்கள். ஆனால் விற்காமல் வைத்திருந்தால் வற்றின மாட்டின் தீனிச் செலவு பட்டிக்காரர் தலையில்தான் கிடக்கிறது.

ஆகவே, நாம்பனையும் கிழட்டுப் பசுவையும் பட்டியில் நேரே காட்டினால் கேட்ட காசைக் கொடுங்கள், வைக்கோலுக்குத்தான் போகிறது. "விற்கத்தான் வேண்டியிருக்கு" என்று ஒளிக்காமல் சொல்கிறவரும் மோசமான மனிதர் இல்லை. அவரிடம் ஊர் விலைக்கு வாங்குங்கள்.