துள்ளுகிற மீனுக்கு ஏன் தடை?

கேள்வி: ஐயா, விஸ்கான்சினில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஏரியில் தூண்டில் போட்டோம். கடையில் வாங்கிய இரை மீன் அரை வாளி மிஞ்சிவிட்டது. அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகலாம் என்றால், "சட்டத்துல இடமில்லப்பா" என்கிறான். விரல் நீள மீனுக்கெல்லாமா சட்டம்?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். கடையில் வாங்கிய இரை மீன் மிஞ்சினால் அதே ஏரியில் மறுபடி தூண்டிலில் கோக்கலாம். வேறு ஏரிக்கு என்றால், வாளியில் ஏரித் தண்ணீரோ அங்கே பிடித்த மீனோ சேர்ந்திருக்கக் கூடாது. மீன் சோர்ந்துபோகிறதே என்று நீங்கள் ஒரு குவளை ஏரித் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். அந்தக் குவளைக்காக எழுதிய சட்டம்தான் இது.

காரணம் வி.எச்.எஸ். என்னும் வைரஸ் நோய். ரத்தக்கசிவு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோ ஏரியின் குவின்டே விரிகுடாவில் 2005-இல் டிரம் மீன்கள் செத்து மிதந்தபோது பிடிபட்டது. பழைய மாதிரிகளைத் தோண்டிப் பார்த்தால், 2003-லேயே செயின்ட் கிளேர் ஏரி மஸ்கி மீனில் அது இருந்திருக்கிறது. அதாவது ஊருக்குத் தெரியும் முன்பே ஏரிக்குள் குடியேறிவிட்டது. 2006 அக்டோபர் 24 அன்று அமெரிக்க வேளாண் துறை அவசர ஆணை போட்டது: பேரேரிகளை, அதாவது அமெரிக்க-கனடா எல்லைப் பக்கமுள்ள ஐந்து பெரிய ஏரிகளை, ஒட்டிய 8 மாநிலங்களிலிருந்து 37 வகை மீன்களை உயிரோடு வெளியே கொண்டுபோகக் கூடாது, கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலிருந்து உள்ளே கொண்டுவரவும் கூடாது.

மீன் நோய்க் கூடத்தில் மேசை முன் உட்கார்ந்து வயதானவன் நான். நோய் முற்றிய மீன் பயமுறுத்தாது. கண் பிதுங்கி, செவுள் வெளுத்து, தானே காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றைக் கீறினால் காற்றுப்பை மேல் ஊசி குத்தியதுபோல ரத்தப் புள்ளிகள். அதை யாரும் வாளியில் போட்டு ஊர் கடத்தப் போவதில்லை. பிழைத்த மீன்தான் தொல்லை. பளபளவென்று துள்ளும், சிறுநீரில் வைரஸை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரில், அதுவும் குளிர்ந்த தண்ணீரில், வைரஸ் பல நாள் உயிர்ப்போடு இருக்கும். படகின் மீன் தொட்டியையும் அடித்தளத்தையும் கரையிலேயே வடித்துவிடச் சொல்வது அதனால்தான். மகனிடம் சொல்லி வடிகால் மூடியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மீன் பண்ணை வைத்திருக்கிறேன். நோயில்லை என்று சான்று வாங்க 60 மீனைக் கொல்கிறார்கள், ஒரு மாதம் காக்க வைக்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?

பதில்: வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் 60 என்பது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன எண் அல்ல. குளத்தில் நூற்றுக்கு 5 மீனுக்கு நோய் இருந்தால், 60-ஐ எடுத்துப் பார்க்கும்போது ஒன்றாவது சிக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு. பத்தே மீனை எடுத்தால் நோய் நழுவிப் போகும் வாய்ப்பு பாதிக்கும் மேல். சிறுநீரகம், மண்ணீரல் எல்லாம் அரைத்து, வளர்ப்புச் செல்கள் மேல் ஊற்றி, 15 டிகிரியில் 14 நாள் பார்ப்போம். செல்கள் சாகவில்லை என்றால் அதையே புதுச் செல்களுக்கு மாற்றி இன்னொரு 14 நாள். உங்கள் ஒரு மாதம் இங்கேதான் போகிறது. குளிரில் வளரும் வைரஸ், அதை அவசரப்படுத்த முடியாது.

ஒன்றில் உங்கள் பக்கம் நிற்கிறேன். 2006 ஆணை முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. வெட்டுக்குப் போகிற மீன் வண்டியும் சேர்ந்து நின்றது. அடுத்த மாதமே திருத்தி, வெட்டுக்கூடத்துக்குப் போகும் மீனை நிபந்தனையோடு அனுமதித்தார்கள். முதல் நாளே யோசித்திருக்கலாம். 2014-இல் அந்த மத்திய ஆணையையே விலக்கிக்கொண்டார்கள், ஆனால் மாநில விதிகள் இருக்கின்றன. "தடை நீங்கிவிட்டது" என்று எவராவது சொன்னால் நம்பி லாரி ஏற்றாதீர்கள்.

கேள்வி: இப்படித் தடை போட்டு எங்கேயாவது நோய் ஒழிந்திருக்கிறதா?

பதில்: டென்மார்க்கில். இந்த நோய்க்கு எக்ட்வேத் நோய் என்றும் பெயர், அங்குள்ள கிராமத்தின் பெயர்தான். டிரவுட் பண்ணைகளைக் காலி செய்து, கிருமிநீக்கி, காயவிட்டு, நோயற்ற மீனை மட்டும் விட்டுப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். கடைசியாக 2009-இல் வந்தது. 2013-இல் நாடே நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பண்ணைக் குளத்தை இறைக்கலாம், பேரேரிகளில் ஒன்றான ஈரி ஏரியை யார் இறைப்பது? பேரேரிகளில் இனி ஒழிப்பு என்ற பேச்சே இல்லை. நோய் வராத ஏரிகளைக் காப்பாற்றுவது மட்டும்தான்.

கேள்வி: அந்த மீனைச் சாப்பிட்டால் நமக்கு வருமா?

பதில்: வராது. நம் உடம்புச் சூடு அந்த வைரஸுக்கு ஆகாது. தாராளமாகச் சமையுங்கள். ஆனால் உறையவைத்தாலும் வைரஸ் முழுக்கச் சாவதில்லை. ஆகவே ஃப்ரீசரில் கிடக்கும் மீனைத் தூண்டிலில் கோக்காதீர்கள், கழித்த குடலையும் தலையையும் ஏரியில் வீசாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.