பெரிய டயர் மாட்டுவதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குப் பெரிய டயர் மாட்டுவது பற்றிப் பல வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பலருக்கும் பொதுவாகப் பயன்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் 2021 மாடல் மஹிந்திரா தார் இருக்கிறது. கம்பெனி டயர் 255/65 ஆர்18. அதை எடுத்துவிட்டு 17 அங்குல ரிம்மில் 285/70 டயர் போடலாம், வண்டியை உயர்த்தவே வேண்டாம், அப்படியே உட்காரும் என்கிறார் கடைக்காரர். நம்பிச் செய்யலாமா? — கோவை வாசகர்

பதில்: வண்டி நிற்கும்போது உட்காரும். ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது உட்காருமா என்பதுதான் விஷயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. 255-இல் 65 சதவீதம் சுமார் 166 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 18 அங்குல ரிம், அதாவது 457 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த உயரம் சுமார் 789 மி.மீ. இதே கணக்கில் 285/70 ஆர்17 டயர் 831 மி.மீ. வருகிறது. 42 மி.மீ. கூடுதல். ஆனால் தரைக்கும், ஆக்சில் நடுவில் பல்சக்கரங்கள் உள்ள உருண்டையான கிரவுன் ஹவுசிங்குக்கும் நடுவே உங்களுக்குக் கிடைப்பது இதில் பாதி, 21 மி.மீ. மட்டும். கட்டைவிரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 21 மி.மீட்டருக்கு என்ன விலை? டயர் உயரம் 5.3 சதவீதம் கூடியிருக்கிறது. எல்லா கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது போல வண்டி நடந்துகொள்ளும். சக்கரம் தரையைத் தள்ளும் விசை 5 சதவீதம் குறையும். 4எல்-இல், அதாவது நான்கு சக்கர இழுவையின் மெதுவான கியரில், இறக்கத்தில் இறங்கும்போது எஞ்சின் பிடிக்கும் பிடியும் அதே அளவு தளரும். பிரேக் டிஸ்க் மாறவில்லை, டயரின் ஆரம் மட்டும் நீண்டிருக்கிறது. அதனால் அதே இடத்தில் நிறுத்த பிரேக்கை முன்பைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் முன்பு 80 காட்டிய அதே இடத்தில் இப்போதும் 80 காட்டும், வண்டியோ 84-இல் ஓடிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் மீட்டரும் குறைத்தே எண்ணும். 10,000 கி.மீ. என்று காட்டும்போது 10,530 ஓடியிருக்கும். ஆயில் மாற்றும் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பயங்கரமாக விழுந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அதில் ஒரு பங்கு நிஜமான இழப்பு, ஒரு பங்கு மீட்டரின் கணக்குப் பிழை.

உரசல் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் ஒரு முன்சக்கரத்தை உறுதியான திண்டின் மேல் மெதுவாக ஏற்றி, அந்தப் பக்க ஸ்பிரிங் நன்றாக அமுங்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வீல் ஆர்ச்சின் உள் பிளாஸ்டிக்கில் சாக்பீஸ் தூளைக் குழைத்துத் தடவிவிட்டு, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடியுங்கள். சாக்பீஸ் எங்கே அழிகிறதோ அங்கே உரசுகிறது. வழக்கமாக மூன்று இடம்: முன் பம்பரின் கீழ் மூலை, வீல் ஆர்ச்சின் பின்மூலை, உள்பக்கம் சஸ்பென்ஷன் கை. பிளாஸ்டிக்கில் பட்டால் சத்தத்தோடு போகும். சஸ்பென்ஷன் கையில் பட்டால் டயரின் பக்கச் சுவரில் பளபளவென்று ஒரு வளையம் தேயும். அந்த இடத்தில் டயர் வெடித்தால் ஒட்டுப்போட வழியே இல்லை.

எங்கள் பரிந்துரை 265/70 ஆர்17. உயரம் 803 மி.மீ., அதாவது 14 மி.மீ. மட்டுமே கூடுதல், மாற்றம் 1.8 சதவீதம். கியரும் பிரேக்கும் மீட்டரும் இதைப் பெரிதாக உணராது. 18-இலிருந்து 17 அங்குல ரிம்முக்கு இறங்குவதால் பக்கச் சுவர் 166-இலிருந்து 186 மி.மீ. ஆகிறது. கல் பாதையில் ரிம் அடிபடாமல் காப்பதும், காற்றைக் குறைத்து ஓட்ட இடம் தருவதும் இந்தக் கூடுதல் ரப்பர்தான்.

ரிம் வாங்கும்போது 6 ஓட்டை, 139.7 பி.சி.டி. (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.) என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நடு ஓட்டை ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனையில்) கச்சிதமாக உட்கார வேண்டும். நட்டின் கூம்பு ரிம்மின் கூம்போடு பொருந்த வேண்டும். ஆஃப்செட் எண், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது, கம்பெனி ரிம்மிலிருந்து அதிகம் விலகக் கூடாது. சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு சுமை வீல் பேரிங்கில் ஏறும். மாட்டி 100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனரால் ஒருமுறை சரிபாருங்கள். புது அலாய் ரிம்மில் நட்டு இளகுவது சகஜம்.

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. ஐப்பசி மழையில் வண்டி காட்டுக்குள் இறங்கினால் ஏற மாட்டேன் என்கிறது. சேற்றுக்கான எம்.டி. டயர் போட்டால் தீருமா, ஐயா? — விவசாயி, கோவில்பட்டி

பதில்: கரிசலின் குணம் உங்களுக்கே தெரியும். ஈரம் பட்டதும் பசை மாதிரி ஒட்டும். டயர் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் பட்டன்களுக்கு (டயர் மேல் உள்ள ரப்பர் கட்டிகளுக்கு) நடுவே உள்ள பள்ளங்கள் அடைந்து, டயர் மொட்டையாகிவிடும். மொட்டை டயர் கரிசலில் வழுக்கும். எம்.டி. டயரில் பட்டன் பெரியது, இடைவெளி அகலம். சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் சேறு தானே தெறித்து விழுந்து பள்ளம் திறந்துகொள்ளும். அந்த வகையில் கரிசலுக்கு அது பொருத்தமான டயர்தான்.

ஆனால் தினமும் நான்குவழிச் சாலையில் ஓடுகிற வண்டி என்றால் யோசியுங்கள். எம்.டி. டயரில் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. மழை நனைத்த சாலையில் நிற்கும் தூரம் கூடும், சத்தமும் அதிகம், தேய்மானமும் வேகம். வருஷத்தில் இரண்டு மாதச் சேற்றுக்காகப் பத்து மாதம் சாலையில் பிடியைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. வண்டி காட்டுக்கென்றே இருந்தால் எம்.டி. போடுங்கள். இல்லையென்றால் சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான, ஓரப் பட்டன் திறந்திருக்கும் ஏ.டி. டயர் போட்டு, காட்டுக்குள் இறங்கும் முன் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்குக் குறையுங்கள். அகலமான டயர் மட்டும் வேண்டாம். கரிசல் சேறு டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவே இறுகிச் சக்கரத்தையே பிடித்துவிடும். அந்த இடைவெளி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று. காட்டிலிருந்து வந்த மறுநாள் 70-ஐத் தாண்டியதும் ஸ்டீரிங் ஆடினால், உடனே பேலன்சிங் கடைக்கு ஓடாதீர்கள். ரிம்மின் உள்பக்கத்தில் கரிசல் ஒரு பக்கமாகக் காய்ந்து செங்கல் போல ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். கூடவே ஆக்சில் மூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறையையும் கழுவிப் பாருங்கள். அதில் ஒரு கீறல் விழுந்து கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போனால், அந்த மூட்டு அதிக நாள் தாங்காது.

கேள்வி: சாத்தான்குளம் பக்கம் தேரி மண்ணில் எங்கள் பனந்தோப்பு. மாருதி ஜிம்னி வைத்திருக்கிறேன். மணலில் புதைகிறது. 235/75 ஆர்15 டயரும் வண்டியை உயர்த்தும் 2 அங்குல லிஃப்ட் கிட்டும் போடலாம் என்றிருக்கிறேன். — திருச்செந்தூர் வாசகர்

பதில்: அவ்வளவு செலவு செய்யும் முன் ஒரு 12 வோல்ட் கம்ப்ரசரும் நல்ல காற்று மீட்டரும் வாங்குங்கள். தேரி மணலுக்கு வேண்டியது தரையில் பரவும் டயர். இப்போதிருக்கும் 195/80 ஆர்15 டயரிலேயே காற்றை 15–16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், டயர் தரையைத் தொடும் தடம் நீளவாக்கில் விரிந்து, வண்டி மணலைத் தோண்டாமல் மேலே மிதக்கும். அதற்கும் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. குறைந்த காற்றில் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள், ஸ்டீரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். தார்ச்சாலை வந்ததும் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்குக் காற்றடித்த பிறகே வேகமெடுங்கள். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி உள்ளிருந்து பிரியும். கம்ப்ரசரைச் சிகரெட் சாக்கெட்டில் சொருகாமல், பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு அடியுங்கள். சாக்கெட்டில் சொருகினால் ஃபியூஸ் போய்விடக்கூடும்.

இதற்குப் பிறகும் புதைந்தால்தான் டயர் அளவைப் பற்றிப் பேச வேண்டும். 235/75 ஆர்15 உயரம் 733 மி.மீ., உங்கள் கம்பெனி டயர் 693. கிட்டத்தட்ட 6 சதவீத மாற்றம். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் மணலில் அதை நன்றாகவே உணரும். ஆழ்ந்த மணலில் இன்னொரு கியர் கீழே இறக்க வேண்டிவரும். 215/75 ஆர்15 என்றால் 10 மி.மீ. மட்டுமே கூடும், அகலமும் கிடைக்கும், லிஃப்ட் கிட் தேவைப்படாது. எங்கள் வாக்கு அதற்கே.

லிஃப்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும் மாற்றி நிறுத்திவிடக் கூடாது. ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில். வண்டியை உயர்த்தினால் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் சாய்ந்து, ஆக்சில் முன்னோக்கி உருண்டுவிடும். அதனால் காஸ்டர் கோணம், அதாவது ஸ்டீரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், குறையும். விளைவு, நெடுஞ்சாலையில் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, வண்டி அலையும். இதற்குக் காஸ்டர் சரிசெய்யும் புஷ் போட வேண்டும். ஆக்சிலைக் குறுக்காகப் பிடிக்கும் பனார்டு ராடும் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். நீளத்தை மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் விறைத்து நிற்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். துளியாவது தொய்வு இருக்க வேண்டும்.

கேள்வி: டயர் உள்ளே உரசாமலிருக்க, ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் வீல் ஸ்பேசர் போடலாமா? — சேலம்

பதில்: வேண்டாம். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். சரியான ஆஃப்செட் உள்ள ரிம் வாங்குங்கள்.

கேள்வி: பெரிய டயர் போட்டால் ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா? — மதுரை

பதில்: வரலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பாதுகாப்பான வழி, தயாரிப்பாளரே உங்கள் மாடலின் வேறு வகைக்குக் கொடுத்திருக்கும் அளவுக்குள் நிற்பது. தாரில் 245/75 ஆர்16 ஒரு வகைக்கும் 255/65 ஆர்18 இன்னொரு வகைக்கும் வந்தது. அந்தப் பட்டியலைத் தாண்டினால், நாங்கள் மேலே சொன்ன அளவுகள் உட்பட, சர்வீஸ் சென்டரிடமும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். லோடு இண்டெக்ஸ் எக்காரணம் கொண்டும் குறையக் கூடாது. 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: நாலு டயர் மட்டும் புதுசாகப் பெரிய அளவில் வாங்கி, பழைய ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? — தேனி

பதில்: ஐந்தும் ஒரே அளவில் வாங்குங்கள். 4 வீலில் போடும்போது முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்காக ஏறும். லீவர் 2எச்-க்கு, அதாவது பின்சக்கர இழுவைக்கு, திரும்பாமல் இறுகுவது முதல் அறிகுறி. சக்கரங்கள் வழுக்க இடமில்லாத தார்ச்சாலையில் அந்த முறுக்கு கியர் பல்லை உடைக்கும்.

ஐந்து டயரையும் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை சுற்றில் மாற்றினால் எல்லாம் சமமாகத் தேயும். வாங்கும்போது டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3524 என்றால் 2024-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் தயாரானது. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி கனமாகும்போது கதவின் கீல் போல்ட்டுகள் இளகும். கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பார்த்தால் ஆட்டம் கையில் தெரியும். வண்டியோடு வந்த ஜாக்கி, உயர்ந்துவிட்ட வண்டியைத் தூக்கப் போதுமா என்பதையும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை சோதியுங்கள்.

அதுவரை பழைய சிறிய ஸ்டெப்னிதான் இருக்கிறது, வழியில் பஞ்சர் ஆகிவிட்டது என்றால், அதை முன்பக்கம் மாட்டுங்கள். பின்சக்கரம் பஞ்சர் என்றால் முன்னால் உள்ள நல்ல சக்கரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய், முன்னால் ஸ்டெப்னியைப் போடுங்கள். 2எச்-இல் முன்சக்கரங்களுக்கு இழுவை இல்லாததால் அளவு வித்தியாசம் அங்கே அதிகம் கெடுக்காது. லீவரை 4-க்குத் தள்ளாமல், 50-ஐத் தாண்டாமல் அடுத்த பஞ்சர் கடை வரை போய்ச் சேருங்கள்.